போர்வையை வரைஞ்சவர் பேர் இருக்கு... தச்சவங்க பேரு?

மக்களே, நான் படிப்பது நூலக அறிவியல் என்பது இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்குச் சுருக்கமா: ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்றும்போது எந்தக் கட்டத்தில் என்ன எழுதணும் என்று மணிக்கணக்கில் சண்டை போடும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் நானும் ஒருத்தன். அமெரிக்காவுக்கு வந்து இதுக்குப் போய்ப் படிக்கிறியான்னு மாமா கேட்டார். அந்தக் கதை வேண்டாம்.

இந்த செமஸ்டர் ஒரு வகுப்பில் பயிற்சிக்காக எனக்கு வந்தது ஒரு போர்வை. போர்வைன்னா நிஜப் போர்வை இல்லை, போர்வையின் ஓவியம். வாஷிங்டனில் இருக்கும் நேஷனல் கேலரியின் தொகுப்பில் உள்ள படம். நீலமும் வெள்ளையுமாக நெய்த படுக்கை விரிப்பு, கரையில் வரிசையாக வீடுகள். 'பாஸ்டன் டவுன்' என்று பெயர். கணினித் திரையில் பார்த்தபோது இதைப் புகைப்படம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தூரிகை ஓடிய தடம் தெரியும். ஒவ்வொரு இழையாக வரைந்திருக்கிறார் மனுஷன்.

பட்டியலில் "படைத்தவர்" கட்டத்தில் மேக்னஸ் எஸ். ஃபோஸம் என்று போட்டிருந்தது. சரிதான், ஓவியத்தைப் படைத்தவர் அவர்தான். அளவு கட்டத்தில் இரண்டு அளவுகள்: ஒன்று தாளின் அளவு, இன்னொன்று 'மூலப் பொருள்' அளவு. அந்த மூலப் பொருளை நெய்தவர் யார் என்பதற்குக் கட்டமே இல்லை. வகுப்பில் இதைக் கேட்டேன். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "நல்ல கேள்வி, நீயே தேடு" என்று விட்டுவிட்டார். பேராசிரியர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் :-)

தேடினேன். போர்வையை விடப் பெரிய கதை கிடைத்தது.

1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை கவிழ்ந்தது. 1933 வாக்கில் உழைப்பாளர் படையில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ரூஸ்வெல்ட் அரசு 1935இல் டபிள்யூ.பி.ஏ. என்ற வேலை நிவாரணத் திட்டத்தைக் கொண்டு வந்தது. ரோடு போடவும் பாலம் கட்டவும் ஆள் எடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியும். நடிகர், எழுத்தாளர், பாட்டுக்காரர், ஓவியர் எல்லோரும்தான் பட்டினி கிடக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தனித் திட்டங்கள் போட்டார்கள். ஓவியர்களுக்கானது ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட். நியூயார்க்கில் ஓவியருக்கு வாரச் சம்பளம் 23 டாலர் 86 சென்ட். சும்மா கிடைத்துவிடாது, 'எனக்கு வேறு வழியில்லை' என்று நிவாரண அலுவலகத்தில் நிரூபித்தால்தான் பெரும்பாலும் வேலை.

இந்தத் திட்டத்தின் ஒரு கிளைதான் 'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்'. குடியேற்றக் காலத்திலிருந்து 1900 வரை அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் செய்து புழங்கிய பொருட்களை ஓவியமாகப் பதிவு செய்வது வேலை. போர்வை, விரிப்பு, எம்பிராய்டரி, பொம்மை, பெட்டி, நாற்காலி, மண்சாடி, தகரக் கோப்பை, கூரை மேல் சுற்றும் காற்றுத் திசைகாட்டி, கடை வாசலில் நிற்கும் மரச்சிலை... 1942 வரை ஓடிய இந்த வேலையில் சுமார் 18,000 நீர்வண்ணப் படங்கள் உருவாயின. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நூற்றுக்கணக்கான ஓவியர்கள்.

இதை ஆரம்பித்து வைத்தது யார் என்று பார்த்தால் இரண்டு பெண்கள். ஒருத்தர் ரொமானா ஜாவிட்ஸ், நியூயார்க் பொது நூலகத்தின் படத்தொகுப்புப் பிரிவின் தலைவி. (எங்க ஜாதி! நூலகர் ஜாதியைச் சொன்னேன்.) இன்னொருத்தர் ரூத் ரீவ்ஸ், துணி வடிவமைப்பாளர். ரீவ்ஸ் 1892இல் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் பிறந்தவர். 1920களில் பாரிஸில் ஃபெர்னான் லெஜேயிடம் படித்தார். 1932இல் நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் திறந்தபோது அதன் பெரிய தரைவிரிப்பும் அரங்கச் சுவர்த் துணியும் இவர் வடிவமைத்தவை. பெரிய கை.

ஜாவிட்ஸின் குறை இதுதான். நூலகத்துக்கு வரும் வடிவமைப்பாளர்கள் பிரெஞ்சு மாதிரி வேண்டும் என்றால், ஹங்கேரி எம்பிராய்டரி வேண்டும் என்றால், வண்ணப் படங்களோடு புத்தகம் புத்தகமாக எடுத்துக் கொடுக்கலாம். ஐரோப்பிய நாடுகள் தங்கள் ஆடை அணிகலன்களை அச்சில் போட்டு வைத்திருந்தன. 'பழைய அமெரிக்கப் போர்வை காட்டுங்கள்' என்றால் கையை விரிக்க வேண்டியதுதான். 1935இல் ரீவ்ஸும் ஜாவிட்ஸும் சேர்ந்து இதைத் திட்டமாக்கினார்கள். முதல் தேசிய ஒருங்கிணைப்பாளராக ரீவ்ஸே பொறுப்பேற்றார். சில மாதங்களில் அந்தப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. திட்டம் நின்றுவிட்டது.

'நின்றுவிட்டது' என்றால் ஓய்ந்தது என்ற பொருளில் இல்லை, காலூன்றி நின்றது. தமிழில் இந்த வம்பு வேற.

மொத்த ஓவியத் திட்டத்துக்கும் தலைவர் ஹோல்கர் கேஹில். 'சாமானியனின் கலை' என்று 1932இலேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நாட்டுப்புறப் பொருட்களை வைத்துக் கண்காட்சி நடத்தியவர். ஒரு சுவாரசியம்: இந்த கேஹில் பிறந்தது ஐஸ்லாந்தில். பெற்றோர் வைத்த பெயர் ஸ்வெய்ன் கிறிஸ்த்யான் பியார்னார்சன். ஜாவிட்ஸ் பிறந்தது மின்ஸ்கில், குழந்தையாக இங்கே வந்தவர். 'அமெரிக்கத்தனம் எது?' என்று தேடுகிற வேலையை ஆரம்பித்தவர்களில் இரண்டு பேர் கப்பலில் வந்து இறங்கியவர்கள். விசாவில் காலம் தள்ளும் எனக்கு இது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

சரி, ஏன் வரைய வேண்டும்? கேமரா இல்லையா? எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது.

கேமரா இருந்தது. கறுப்பு வெள்ளையில் நன்றாகவே எடுத்தார்கள், இந்தத் திட்டத்திலும் எடுத்தார்கள். வண்ணத்தில்தான் சிக்கல். கோடாக்ரோம் ஃபிலிமே 1935இல்தான் சந்தைக்கு வந்தது, விலையும் அதிகம். அவுரி நீலத்தில் ஐந்து வகை இருக்கிறது என்றால் அந்த ஐந்தையும் பிரித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. அச்சில் ஏற்றினால் இன்னும் மோசம். அதோடு திட்டத்தின் நோக்கமே ஓவியனுக்கு வேலை கொடுப்பதுதானே. ஒரு கேமராவை வாங்கி வைத்தால் நூறு ஓவியர்களை வீட்டுக்கு அனுப்பணும்.

வரைவதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? எகிப்திலிருந்து. ஜோசஃப் லிண்டன் ஸ்மித் என்ற அமெரிக்க ஓவியர், ஹார்வர்டும் பாஸ்டன் அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்திய எகிப்து அகழாய்வுகளில் கல்லறைச் சுவர்ச் சிற்பங்களைப் பிரதி எடுத்தவர். கல்லின் சொரசொரப்பு, உடைந்த மூலை, உதிர்ந்த வண்ணம் எல்லாம் கண்ணுக்கு நிஜம் போலவே தெரியும்படி வரைவார். அந்த முறையைக் கற்றவர் பாஸ்டன் அருங்காட்சியகத்தின் சுஸான் சாப்மேன். மாசசூசெட்ஸ் ஓவியர்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முதலில் பென்சிலால் மிகச் சரியான கோட்டோவியம். அதன் மேல் தண்ணியாக ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளை வண்ணம் பூசாமல் தாளின் வெள்ளையையே விட்டுவைப்பது. பின்னணி எதுவும் கிடையாது. பொருள் தாளின் நடுவில் தனியாக இருக்கும்.

சாடியையோ பெட்டியையோ இப்படி வரைவதைக்கூட நான் கற்பனை செய்துகொள்வேன். துணியை? ஊரில் பாவு, ஊடை என்று நெசவாளிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பருத்திப் பாவுக்கு மேலே கம்பளி ஊடை தாண்டித் தாண்டிப் போகும் 'ஓவர்ஷாட்' என்ற நெசவில், கம்பளி கொஞ்சம் புடைத்து நிற்கும், பருத்தி உள்ளே அடங்கியிருக்கும். வெளிச்சத்தைக் கம்பளி விழுங்கும், லினன் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசம் தெரிய வரையணும் என்றால், துணி எப்படி நெய்யப்பட்டது என்பது ஓவியனுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரே படத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். நைந்து போன இடத்தை நைந்ததாகவே, கறை பட்ட இடத்தைக் கறையோடு வரைந்திருக்கிறார்கள். ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றில் ஒரு துண்டு மட்டும் சாயம் வெளுத்திருந்தால் அதுவும் அப்படியே.

இதில் ஓவியனுக்குப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. தன் கைத்தடம் தெரியாமல் வரைவதுதான் வேலை. பாரிஸ் கனவோடு படித்தவன், புதுமை செய்ய நினைத்தவன், நாலு வாரம் உட்கார்ந்து எவளோ ஒரு பாட்டி தைத்த தையலைத் தையல் தையலாகப் பிரதி எடுக்க வேண்டும். 'இதெல்லாம் கலையா, குமாஸ்தா வேலை' என்ற ஏளனம் அப்போதே இருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பொருளை அவ்வளவு நேரம் பார்ப்பது என்பதே பெரிய விஷயம். நாம் இன்று போனில் ஒரு நொடியில் எடுத்துத் தள்ளும் படங்களில் எத்தனையை இரண்டாம் முறை பார்க்கிறோம்?

ஃபோஸம் வேலை செய்யும் புகைப்படம் ஒன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1940 பிப்ரவரி, ஃப்ளோரிடாவின் கோரல் கேபிள்ஸ். அந்த 'பாஸ்டன் டவுன்' போர்வையைப் பார்த்துப் படி எடுத்துக்கொண்டிருக்கிறார். படக்குறிப்பில் போர்வையின் ஆண்டு 1770 என்று இருக்கிறது. எனக்கு அந்த 1770 மேல் நம்பிக்கை வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

வீட்டுத் தறியில் பெண்கள் நெய்தவை பெரும்பாலும் கட்டம், வட்டம், சக்கரம் போன்ற கணக்கு வடிவங்கள். நாலு மிதிகட்டைத் தறியில் அதுதான் வரும். வீடு, மரம், பறவை என்று படமாக நெய்ய வேண்டுமானால் பாவு இழைகளைத் தனித்தனியாகத் தூக்கத் தெரிந்த கருவி வேண்டும். அதுதான் ஜக்கார்டு. காஞ்சிபுரம் பக்கம் தறிக்கு மேலே துளை போட்ட அட்டை ஓடும் 'ஜக்கார்டு பெட்டி' பார்த்திருப்பீர்களே, அதேதான். பிரான்சில் 1804 வாக்கில் உருவான இந்தக் கருவி அமெரிக்காவுக்கு வந்தது 1820களில். ஊர்க்கரை போட்ட விரிப்புகள் பொதுவாக அதற்குப் பிந்தைய காலத்தவை. இதே குடும்பத்தில் இன்னொரு கரை உண்டு: மாதா கோயிலும் வீடுகளும் ஒரு வரிசை, சீனத்துப் பகோடாக்கள் ஒரு வரிசை. அதற்கு 'கிறிஸ்டியன் அண்ட் ஹீதன்' என்று பெயர். அஞ்ஞானி லிஸ்டில் நாமும் வருவோம் போல :-)

அப்புறம் 1770 எப்படி வந்திருக்கும்? படம் வரைவதோடு ஒரு தகவல் தாளும் நிரப்பினார்கள்: யாரிடம் இருக்கிறது, எந்த ஊர், என்ன பொருள், எந்த ஆண்டு. வீட்டுக்காரர்கள் 'எங்க கொள்ளுப்பாட்டி காலத்துது' என்று சொன்னதைத் தாண்டிப் பல பொருட்களுக்கு வேறு சான்று கிடையாது. எந்தக் குடும்பமும் தன் பொருளின் வயதைக் குறைத்துச் சொல்லாது. கோயில் தலபுராணம் மாதிரிதான்.

ஜக்கார்டு நெசவாளிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லணும். அவர்கள் தொழில்முறை ஆண்கள், பலர் ஜெர்மனியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தவர்கள். போர்வையின் மூலையில் ஒரு கட்டம் விட்டு அதில் பெயர், ஊர், வருஷம் எல்லாம் நெய்து வைத்தார்கள். போன இலையுதிர் காலத்தில் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரின் பழம்பொருள் கடையில் அப்படி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். 1840களின் ஆண்டு, ஒரு பெண்ணின் பெயர். கடைக்காரப் பாட்டியிடம், "இவங்கதான் நெஞ்சாங்களா?" என்று கேட்டேன் (ஆங்கிலத்தில்தான்). "இல்லப்பா, அது வாங்கினவ பேரு. கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்திருப்பாங்க" என்றார். ஆக, நெய்தவன் பெயர் போடுவதும் உண்டு, காசு கொடுத்தவள் பெயர் போடுவதும் உண்டு. கீழே 'யாரால்' என்று இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் பட்டியல்காரன் பாடு திண்டாட்டம்.

ஒட்டுத்துணிப் போர்வைகளில் நிலைமை வேறு. குவில்ட் என்கிறார்களே, அது. துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது. இதைத் தைத்தவர்கள் பெண்கள். 1840களில் ஆளுக்கொரு கட்டம் தைத்துக் கையெழுத்துப் போட்டுச் சேர்க்கும் 'ஆல்பம் குவில்ட்' மோகம் வந்தது, அதில் பெயர்கள் கிடைக்கும். மற்றபடி பெரும்பாலானவற்றில் பெயர் கிடையாது. தைத்தவளுக்குத்தான் பெயர் இல்லை, தையல் மாதிரிக்கு உண்டு: கரடிப் பாதம், பறக்கும் வாத்து, குடிகாரன் பாதை. போனில் இதை அம்மாவிடம் சொன்னபோது, "பழைய சேலையை மடிச்சுத் தச்சுப் பிள்ளைக்கு விரிச்சா அதுக்குப் பேரு வேற வைப்பாங்களாடா? உனக்கு விரிச்சதுக்கு நான் என்னன்னு பேரு வைக்க?" என்றார். அப்புறம் என்ன பெயர் வைத்தார் என்பதை இங்கே எழுத முடியாது.

தெற்கு மாநிலங்களுக்குப் போனால் விஷயம் இன்னும் கனமாகிறது. பெரிய தோட்டங்களில் நூற்பு, நெசவு, தையல் எல்லாவற்றிலும் அடிமைப் பெண்களின் உழைப்பு இருந்தது. அந்த வீட்டுப் போர்வை இன்று 'இன்ன குடும்பத்துப் போர்வை' என்று எஜமானியின் பெயரில் அருங்காட்சியகத்தில் இருக்கும். பஞ்சு விளைவித்த கையும் தைத்த கையும் தகவல் தாளில் ஏறவில்லை. தாளை நிரப்பியவர் கேட்டது 'உடைமையாளர் யார்?' என்றுதான்.

முழுவதுமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. செவ்விந்தியர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பூர்வகுடி மக்களின் பொருட்கள் இந்த இண்டெக்ஸில் சேர்க்கப்படவில்லை. அது மானிடவியல்காரர்களின் துறை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவெடுத்தார்கள். அதே 1935இல் பூர்வகுடிக் கைவினைகளுக்கென்று அரசு தனி வாரியம் அமைத்தது உண்மைதான். ஆனாலும் 'அமெரிக்க வடிவமைப்பு' என்று பெயர் வைத்துவிட்டு, நவஹோ நெசவை 'அமெரிக்க' என்ற சொல்லுக்கு வெளியே வைத்ததை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. ஐஸ்லாந்துக்காரர் அமெரிக்கர் ஆகலாம். அங்கேயே இருந்தவர் மானிடவியல்!

நியூமெக்சிகோவின் ஸ்பானிய வழிப் பொருட்களை மட்டும் சேர்த்தார்கள். இ. பாய்ட் என்ற ஓவியர் அங்கே தேவாலய மரச்சிலைகளையும் பலகை ஓவியங்களையும் தேடித்தேடிப் பதிவு செய்தார். அவருக்கு அதுவே பின்னாளில் வாழ்நாள் துறையானது.

எது 'அமெரிக்க' என்ற கேள்வி துணியிலேயே சிக்கலானது என்பதற்கு ஒரு உதாரணம். பழைய குவில்ட்களில் சின்ட்ஸ் எனப்படும் பூப்போட்ட துணியிலிருந்து பூவை, மரத்தை, பறவையைக் கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைக்கும் வகை ஒன்று உண்டு. அந்த சின்ட்ஸின் பிறப்பிடம் இந்தியா. அதில் பெயர் பெற்ற இடம் நம்ம சோழமண்டலக் கரை. சாயவேரில் சிவப்பு ஏற்றி, அவுரியில் நீலம் ஏற்றி, கையால் எழுதிய துணி. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவைக் காப்பாற்ற 1700இலும் 1721இலும் இங்கிலாந்து சட்டம் போட்டு இந்த வகைத் துணிகளைத் தன் நாட்டில் தடுத்தது. மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை, அதனால் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு இங்கிலாந்தே அதைப் பார்த்து இயந்திரத்தில் அச்சடித்து விற்றது. ஆகவே ஒரு 'ஆரம்ப கால அமெரிக்கப் போர்வை'யின் நடுவில் இருக்கும் மரம் மசூலிப்பட்டினத்துப் பக்கத்துக்காரர் வரைந்ததாகவோ, அதைப் பார்த்து லண்டனில் அடித்ததாகவோ இருக்கலாம். படைத்தவர் கட்டத்தில் இப்போது எத்தனை பேரைப் போடுவது?

திட்டத்தின் முடிவுக்கு வருகிறேன். படங்களை அச்சடித்து நாடு முழுக்க நூலகங்களுக்குக் கொடுப்பதுதான் முதல் கனவு. வண்ண அச்சுக்கு ஆகும் செலவு அதைக் கொன்றது. பெரிய துணிக்கடைகளில்கூடக் கண்காட்சி வைத்தார்கள், அதுவே எனக்குப் பிடித்த விஷயம், புதுப் போர்வை வாங்க வந்தவர்கள் பழைய போர்வையின் படத்தைப் பார்த்துப் போயிருப்பார்கள். பிறகு போர் வந்தது. 1942இல் வேலை நின்றது (இந்தத் தடவை நிஜமாகவே நின்றது). படங்கள் முதலில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும், 1943இல் வாஷிங்டன் நேஷனல் கேலரிக்கும் போயின. 1950இல் எர்வின் கிறிஸ்டென்சன் ஒரு தேர்வுத் தொகுப்பைப் புத்தகமாகக் கொண்டு வந்தார். 2002இல் கேலரியில் பெரிய கண்காட்சி நடந்தது. இன்று படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீர்வண்ணம் வெளிச்சத்துக்கு மங்கும் என்பதால் மூலங்கள் பெரும்பாலும் இருட்டுப் பெட்டிக்குள்தான்.

ஒரு படம் மட்டும் எல்லார் வீட்டுக்கும் போனது. மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட்டில் ஒரு தேவாலயத்தின் மேல் 1840இல் வைத்த திசைகாட்டி, எக்காளம் ஊதும் கேப்ரியேல் தேவதூதர் வடிவம். லூசில் சாபோ என்ற ஓவியர் அதை இண்டெக்ஸுக்காக வரைந்தார். 1965இல் அமெரிக்கத் தபால்துறை அந்த ஓவியத்தை வைத்துக் கிறிஸ்துமஸ் தபால்தலை வெளியிட்டது, விலை ஐந்து சென்ட். நிவாரணப் பணத்தில் வரைந்த படம் நாடு முழுக்க உறைகளில் ஒட்டி நக்கப்பட்டது.

ரூத் ரீவ்ஸ் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லையே? இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன். அவர் 1956இல் ஃபுல்பிரைட் உதவியில் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். மெழுகு வார்ப்பில் உலோகச் சிலை செய்யும் முறை பற்றி அவர் எழுதிய புத்தகத்தை 1962இல் டெல்லி கைவினை அருங்காட்சியகம் வெளியிட்டது. சுவாமிமலை ஸ்தபதிகள் செய்யும் அதே அடிப்படை முறை: மெழுகில் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகிப் போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தலைமை அலுவலகத்துக்கும் கைவினை விஷயத்தில் வேலை செய்தார். 1966இல் டெல்லியிலேயே காலமானார்.

கணக்கெடுப்புக்கும் கைவினைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1961 கணக்கெடுப்பை நடத்திய அசோக் மித்ரா, தலை எண்ணுவதோடு நிறுத்தவில்லை. கிராமங்களையும் கைத்தொழில்களையும் தனித்தனியாக ஆராய்ந்து புத்தகங்களாகப் போட வைத்தார். கச்சாப் பொருள் எங்கே வாங்குகிறார்கள், என்ன கருவி, எப்படிச் செய்கிறார்கள், கையில் என்ன கூலி நிற்கிறது என்று போகும் அந்த ஆய்வுகள். அன்றைய மதராஸ் மாநிலத்துக்கும் கைவினைத் தொகுதிகள் உண்டு. ஒரு நாட்டில் போர்வையின் உடைமையாளர் பெயரைக் கேட்கும் தாளோடு தொடங்கிய பெண்மணி, செய்பவரின் கூலியையும் கேட்கும் ஆய்வுகள் நடந்த காலத்தில் அதே அலுவலகத்தில் இருந்திருக்கிறார். இந்த இரண்டாவது தாள்தான் எனக்கு ஒரு படி மேல் என்று படுகிறது, அதில் வண்ணப் படம் இல்லாவிட்டாலும்.

வகுப்புப் பயிற்சியில் நான் கடைசியில் 'மூலப் பொருளைச் செய்தவர்' என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்து, பெயர் பதிவில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் 1770க்கு ஒரு கேள்விக்குறி. பேராசிரியர் கேள்விக்குறிக்கு மார்க் கொடுத்தார். கட்டம் தரநிலையில் இல்லாதது என்று அரை மார்க் குறைத்துவிட்டார்.

உங்களில் யார் வீட்டிலாவது அந்த 1961 மதராஸ் கைவினைத் தொகுதிகளின் அச்சுப் பிரதி இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். இங்கே நூலகத்தில் இருப்பது பாய் நெசவுப் பக்கத்தில் கிழிந்திருக்கிறது.